கிங்ஸ்டன் கல்லடியில் ஒரு தற்செயல் சந்திப்பு

"வாங்கோ, வாங்கோ. கனநேரம் நிண்டிட்டியளோ?"

லண்டன் ஓரத்துக் கிங்ஸ்டனில், நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், இரும்பு வேலிக்குள் இருக்கிற அந்தப் பழைய முடிசூட்டுக் கல்லின் அடியில் நின்ற மூன்று பேரைப் பார்த்து நான்தான் இப்படிக் கேட்டேன். ஒரு நடுவயது அக்கா, அவரின் கணவர், கூடவே பச்சைக் கோட் போட்ட ஒரு பெண். பரமேஸ் அன்ரி தொலைபேசியில் சொன்னது அச்சொட்டாக அப்படியே இருந்தது. அக்கா, அத்தான், பச்சைக் கோட், பதினொரு மணி, கல்லடி.

"இல்லையில்லை, இப்பதான் வந்தனாங்கள்" என்றார் அந்தக் கணவர்.

"என்னைத் தெரியுதுதானே? நான் மஞ்சுளா. இது என்ர அண்ணை, நேசன்."

"தெரியாமலோ" என்றார் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவர்களுக்கும் தெரியாது என்பதெல்லாம் பிறகு, ஆற்றின் நடுவில் வைத்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரைக்கும் நாங்கள் வெகு சந்தோஷமாக ஊர் சுற்றினோம்.

போன வாரம் நான் சாரதிப் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்ட கதையைப் படித்துவிட்டு, "மானம் போன நாட்கள் இன்னும் கைவசம் இருக்கிறதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாக இருக்கிறது தங்கச்சி. இது அவற்றில் ஒன்று.

அண்ணை போட்ட நிபந்தனை

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து, சனங்கள் மறுபடியும் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கத் தொடங்கியிருந்த காலம். அண்ணி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அண்ணை நியூ மோல்டனில் எங்கள் வீட்டு மேல் அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. காலையில் போவார், மாலையில் வருவார், சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா என்றாலும் "எனக்குக் காணும்" என்பார். வெளியே போவோமா என்றாலும் அதே பதில்தான்.

ஒரு காலத்தில் வீட்டையே சிரிக்க வைத்த மனிதர் அவர். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுகொண்டு, ஐயர் மந்திரம் சொல்லும்போது என்னைச் சிரிக்க வைத்து, அம்மாவிடம் பேச்சு வாங்கித் தந்தவர். அந்த ஆளை எனக்குத் திரும்ப வேண்டும் போலிருந்தது. ஒளிப்பானேன், நான் வெகுநாளாக அதற்காக ஏங்கினேன்.

ஹவுன்ஸ்லோவில் இருக்கிற பரமேஸ் அன்ரி அரைத் தரகர், முழு உளவுத்துறை. அவர்தான் குரொய்டனில் இருக்கிற கமலினியைப் பற்றிச் சொன்னார். நாற்பதுகளில் இருக்கிறவர், மணமுறிவு ஆகி வெகுகாலம், நல்ல வேலை, தனி வீடு. "நல்ல பிள்ளை. ஆனா ஒரு பிடிவாதம். தன்ர படம் வட்ஸப்பில சுத்தக் கூடாதாம். நேர பாக்கட்டாம்." அண்ணையின் படம் மட்டும் அந்தப் பக்கம் போனது.

அண்ணையைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. கடைசியில் படியில் நின்றபடி சொன்னார்:

"சரி வாறன். ஆனா இது கடைசி. பொம்பிளை பாக்கிற கதை ஒண்டும் அங்க எடுக்கக் கூடாது. சும்மா ஊர் பாக்கிறம், அவ்வளவுதான். சரிவராட்டில் இனி இந்த வீட்டில இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டியெண்டா நான் வேற இடம் பாத்துப் போயிடுவன்."

அவர் சொன்னால் செய்வார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் கையில் இருந்தது.

விருந்தாளிகளும் விழுந்த பெட்டிகளும்

ஏன் கிங்ஸ்டன் என்று கேட்பீர்கள். லண்டன் நகர மையத்துக்குள் கார் கொண்டுபோனால் கட்டணம், நிறுத்தினால் இன்னொரு கட்டணம். அதனால் கனடாவிலிருந்து, பாரிஸிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் நான் கிங்ஸ்டனுக்குத்தான் கொண்டுபோவேன். ஆறு உண்டு, அன்னம் உண்டு, பழைய பாலம் உண்டு, சந்தை உண்டு. முற்காலத்தில் ஏழு அரசர்கள் முடிசூடிய இடமென்று சொல்கிறார்கள். ஒரு பிளாஸ்க் தேநீர், வீட்டில் பொரித்த றோல்ஸ் ஒரு பெட்டி, நான். இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கிற விதமே தனி. பார்க்கவேண்டிய பொருளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் "சரி, அடுத்தது என்ன?" என்பார்கள்.

கிங்ஸ்டனில் சிவப்புத் தொலைபேசிப் பெட்டிகள் வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு கலைஞர் வேண்டுமென்றே அப்படி நிறுத்தியது. அதைக் கலை என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துப்போயிற்று. "கவுன்சில் ஏன் இன்னும் நிமித்தேல்லை?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். டொரன்டோவிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர், தன்னால் ஆன உதவியாக, தோளைக் கொடுத்துத் தள்ளியே பார்த்தார். அன்றிலிருந்து நான் ஒரு லொறி பின்பக்கமாக வந்து இடித்துவிட்டது என்று சொல்லி வருகிறேன். கவுன்சிலிடம் காசில்லை என்றும் சேர்த்துக்கொள்வேன். எல்லோரும் அனுதாபமாகத் தலையாட்டுவார்கள், பிரச்சினை முடிந்தது.

கேட்கக் கூடாத கேள்வி

கல்லடிக்கு வருவோம். எப்படி இவ்வளவு பெரிய பிழை நடந்தது என்று ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதியிடம் சொல்லப்போய் நான் பட்ட பாடு பெரும்பாடு. "நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையா?" என்றாள். கேட்பதா? எங்கள் ஆட்களிடமா?

கல்யாண மண்டபத்தில் முன்பின் அறியாத ஒருவர் கையைப் பிடித்து "என்னைத் தெரியுதோ?" என்றால் நாங்கள் என்ன சொல்வோம்? "தெரியாமலோ" என்போம். பிறகு வீடு போகும் வரைக்கும் காருக்குள் அது யாரென்று ஆராய்ச்சி நடக்கும். தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் இரண்டு தலைமுறைக்குக் கோபம்.

இவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். ரகு அண்ணை, அவரின் மனைவி ராணி அக்கா, பச்சைக் கோட்டில் ராணி அக்காவின் தங்கை. சவுத்தாலில் மருமகன் வீட்டில் தங்கியிருந்தார்கள். மருமகனுக்கு ஷிப்ட், ஆகவே தாங்களாகவே ஊர் பார்க்க வந்துவிட்டார்கள். திடீரென்று ஒருத்தி வந்து உரிமையோடு வரவேற்றதும், மருமகனின் மனைவி பக்கத்து ஆட்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நானோ, அண்ணையின் நிபந்தனைப்படி, வந்த விஷயத்தை வாயால் எடுக்க முடியாது. அவர்களும் எடுக்கவில்லை. எவ்வளவு பண்பான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் முதுகுப் பையோடு இன்னொரு பெண் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர்களோடு வந்தவர் என்று எண்ணிச் சிரித்தேன். ராணி அக்கா என்னோடு வந்தவர் என்று எண்ணிச் சிரித்தார்.

உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க எனக்குப் பொறுமையில்லை. அவர்தான் கமலினி. அவரின் சொந்த அக்காவின் கார் காலையில் கிளம்ப மறுத்துவிட்டதாம், தனியாகவே ரயிலேறி வந்திருக்கிறார். வெயில் ஏறியதும் பச்சைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். படத்தில் பார்த்த அண்ணையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் அவரைச் சுற்றி ஏற்கெனவே ஒரு குடும்பம், நடுவில் நின்று ஒரு மனுசி கைகளை வீசிச் சொற்பொழிவு. அதற்குள் புகுந்து "நீங்கள் பார்க்க வந்தது என்னைத்தான்" என்று எந்தப் பெண் சொல்லுவாள்? பேசாமல் பின்னால் நடந்துவிட்டார்.

பாலத்தில் தொடங்கிய சிரிப்பு

கல்லைப் பற்றி நான் நிறையச் சொன்னேன். ஏழு அரசர்களுக்கும் ஆளுக்கொரு குணம் கொடுத்தேன். ஒருவர் நல்லவர், ஒருவர் குடிகாரர், ஒருவருக்கு மாமியாரால் பிரச்சினை. ரகு அண்ணை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நாலடி நடந்தால் சின்னப் பழம்பாலம். கீழே ஓடுகிற குட்டி ஆறு அப்படியே போய்த் தேம்ஸில் விழும். பாலத்தில் வைத்து றோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன், முதுகுப் பைக்காரிக்கும்தான். அண்ணை அவருக்கு ஏதோ சொன்னார், அவர் ஏதோ சொன்னார். நான் ராணி அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணை பாலத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சும்மா புன்னகை இல்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, அந்தப் பழைய சிரிப்பு.

அவரையே பார்த்துக்கொண்டு நான் ஊற்றிய தேநீர் ராணி அக்காவின் கால் சப்பாத்தில் ஊற்றுண்டது.

"என்னண்ணை?" என்றேன்.

"ஒண்டுமில்லை. றோல்ஸ் உறைக்குது."

உறைப்புக்கு மனிதர் இப்படிச் சிரிப்பாரா? பச்சைக் கோட்டைப் பார்த்த சந்தோஷம்தான் என்று நானாகவே பொருள் கொண்டேன். சந்தைச் சதுக்கத்தில், கட்டடத்து உச்சியில் தங்கநிறத்தில் நிற்கிற மகாராணி சிலையைக் காட்டினேன். பூக்கடை, பழக்கடை, சீஸ் கடை எல்லாம் காட்டினேன். அண்ணை எதற்கும் சிரித்தார். தொலைபேசிப் பெட்டிகளடியில் நான் லொறிக் கதையை எடுத்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு கடைப் பக்கம் திரும்பிவிட்டார். முதுகுப் பைக்காரியும் திரும்பிவிட்டார்.

அதுதான் எனக்கு எரிச்சல். இந்த மனிதர் பச்சைக் கோட்டோடு இரண்டு வார்த்தை பேசவில்லை. போற வாற இடமெல்லாம் அந்த முதுகுப் பையோடுதான் கதை. வாழ்க்கையில் ஒரே ஒரு ஞாயிறு சம்மதித்துவிட்டு, அதையும் யாரோ ஒருத்தியோடு அலட்டியே வீணாக்கப் போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரின் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

"அங்க பக்கத்தில நடவுங்கோ" என்றேன் மெதுவாக.

"எங்க?"

"பச்சைக்குப் பக்கத்தில."

அதற்கும் சிரித்தார்.

ஆற்றின் நடுவில்

கடைசி அஸ்திரமாகப் படகை வைத்திருந்தேன். கிங்ஸ்டனிலிருந்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் படகு போகும். படகுக்குள் தப்பி ஓட இடமில்லை. அண்ணையைப் பிடித்துப் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருத்தினேன். படகு தேம்ஸின் பெரிய பாலத்துக்குக் கீழே போய் வெளியே வருவதற்குள் "எனக்கு வெயில் அடிக்குது" என்று எழுந்து போய் முதுகுப் பைக்காரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். அங்கேதான் வெயில் முழுக்க அடித்தது.

இனிப் பொறுத்துப் பயனில்லை என்று நான் ராணி அக்காவிடம் நெருங்கினேன். விஷயத்தை எடுக்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை, ஓரமாகத் தொடலாம்தானே.

"தங்கச்சிக்கு இந்தப் பக்கம் பிடிச்சிருக்கோ, அக்கா? இஞ்ச வந்து இருக்க விருப்பமோ?"

ராணி அக்கா சிரித்தார். "நல்ல கதை. அவளின்ர மனுசன் ஜெர்மனியில பேக்கரி வைச்சிருக்கிறார். ரெண்டு பொடியளும் படிக்கிறாங்கள். எல்லாத்தையும் விட்டிட்டு வருவாளோ?"

ஆறு, அன்னம், கரையோர மரம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. கல்யாணமான பெண்ணுக்குப் பக்கத்தில் போய் இரு, போய் இரு என்று காலையிலிருந்து என் அண்ணையைத் தள்ளியிருக்கிறேன். அப்படியென்றால் கமலினி எங்கே? கல்லடியில் தனியாக நின்று பார்த்துவிட்டு, அவமானப்பட்டுத் திரும்பிப் போயிருப்பாள். அண்ணையின் கடைசி ஞாயிறு என்னால்தான் போயிற்று. இனிமேல் வீட்டில் மூச்சு விட முடியாது.

தொலைபேசி அடித்தது. பரமேஸ் அன்ரி. எடுக்கவே பயந்து எடுத்தேன்.

"அன்ரி, நான் ஒரு பெரிய பிழை..."

"என்ன பிழை? கமலினி இப்பதான் மெசேஜ் போட்டவள். உங்களோடதான் நிக்கிறாளாம். றோல்ஸ் நல்லாயிருக்காம், கொஞ்சம் உறைப்பாம்."

நான் தலையை நிமிர்த்தினேன். படகின் முன்பக்கத்தில் முதுகுப் பைக்காரி தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பையின் வாயில் பச்சைத் துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது. அண்ணை என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது என்னைப் பார்த்த முகம்.

விசாரணை

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"பாலத்தில" என்றார் அண்ணை. "ரகு அண்ணை நடந்து வரேக்க தாங்கள் ஜெர்மனியெண்டவர், அதுதான் இவவிட்டையும் ஜெர்மனியில எவ்விடம் எண்டு கேட்டனான். குரொய்டன் எண்டு சொன்னா. அதோட விளங்கிட்டுது."

"விளங்கினாப் பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ நிப்பாட்டியிருப்பாய். எங்களுக்கு மிச்சத்தையும் கேக்க வேணும்போல இருந்தது."

"நானும் சொல்ல வேண்டாமெண்டுதான் சொன்னனான், அக்கா" என்றார் கமலினி. "பொம்பிளை பாக்க வந்தவையெண்டா ரெண்டு பக்கமும் விறைச்சுப் போய் இருப்பம். இது நல்லாயிருந்தது. ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை, நான் ஆறுதலா இவரைப் பாத்தனான்." சற்று நின்று சேர்த்துக்கொண்டார்: "ஆனா அக்கா, அந்த லொறி விஷயம் சுத்தப் பொய்தானே?"

ரகு அண்ணையின் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை என்னால் மறக்க முடியாது. அவர் லொறியை நம்பி ஜெர்மனிக்கே படம் அனுப்பிவிட்டார்.

விஷயம் முழுவதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. "நாங்கள் உங்களை மருமகன்ர மனுசியின்ர ஆக்கள் எண்டெல்லோ நினைச்சம்" என்றார் ராணி அக்கா. பிறகு மூவரும் இறங்கிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ராணி அக்கா அந்த நிமிடமே மாப்பிள்ளை வீட்டாராகிவிட்டார். கமலினிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற ஆஸ்பத்திரியில் வேலை என்று அறிந்ததும், "நல்ல கை" என்று அந்தக் கையையே பிடித்துப் பார்த்தார். பச்சைக் கோட்டுத் தங்கை, "நானும் அண்ணையில ஒரு பிழையும் காணேல்லை, பேசாம செய்யுங்கோ" என்று சான்றிதழ் கொடுத்தார். அரண்மனை வாசலில் எல்லோருமாக நின்று, அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தோம். நேரம் போய்விட்டதால் உள்ளே போகவில்லை.

திரும்பும் வழி

கிங்ஸ்டனுக்குத் திரும்பி, கமலினியை ரயிலேற்றி, ஜெர்மன்காரரைப் பஸ் ஏற்றி, நாங்கள் இருவரும் காருக்கு வந்தோம். எனக்கு வாய் நிறையக் கேள்வி. ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். சரிவந்ததா, வரவில்லையா என்று அவர் சொல்லவில்லை. சரிவராவிட்டால் நான் மூச்சே விடக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நின்றோம், பச்சை வந்தது, போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய சுற்றுவட்டத்துக்குக் கிட்ட வந்தபோது பேசினார்.

"வாற ஞாயிறு அந்த அரண்மனைக்கு உள்ளுக்குப் போறம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்? இந்த முறை பற்றிஸ் செய்யிறன். அரண்மனையைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும், அந்த ஆறு பொண்டாட்டிக்கார ராசா..."

"நீ வரத் தேவையில்லை" என்றார் அண்ணை.

இத்தனை வருடத்தில் ஊர் பார்க்கப் போகிற ஒருவர் என்னை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் மறைத்தது, வீதி தெரியவில்லை. சுற்றுவட்டம் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்தை அவரையே ஓட்டச் சொன்னேன்.